பெண் மூளைக்கு ஒரு காவல்

கை நடுங்கும். நடை தளரும். சட்டைப் பித்தானைப் போடவும் அடுத்தவர் துணை வேண்டியிருக்கும். பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதத்தின் கொடுமை இது. இந்த நோய் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் வருகிறது. ஏன்?

இதற்கு விடை தேடிய விஞ்ஞானிகளில் ஒருவர் டாக்டர் விஜயலட்சுமி ரவீந்திரநாத். ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் படித்தவர். 1981-ல் மைசூர்ப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் தாயகம் திரும்பி, 1986-ல் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர் ஹரியானாவில் மானேசர் என்ற இடத்தில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை உருவாக்கி நடத்தினார். 1996-ல் பட்நாகர் பரிசும், 2010-ல் பத்மஸ்ரீ விருதும் இவரைத் தேடி வந்தன.

எலிகள் சொன்ன சேதி

நடுக்குவாதத்தை உண்டாக்கும் ஒரு நச்சுப் பொருளை இவரது குழுவினர் ஆண் எலிகளுக்கும் பெண் எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் எலிகளின் மூளை அணுக்களில் சக்தி உற்பத்தி பாதிக்கப்பட்டது. பெண் எலிகள் தப்பின. மூளை அணுவைக் காக்கும் 'குளூட்டாரெடாக்சின்' என்ற புரதம் பெண் எலிகளிடம் கூடுதலாக இருந்ததே காரணம். பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு என்று 2004-ல் வெளியிட்ட கட்டுரையில் இவர்கள் எழுதினார்கள்.

ஈஸ்ட்ரோஜனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூளையில் காவற்காரர்கள் போன்ற அணுக்கள் இருக்கின்றன. அடிபட்டாலோ நோய் வந்தாலோ அவை பொங்கி எழும். அதுதான் அழற்சி. அளவோடு நின்றால் நன்மை. அளவு மீறினால் காவற்காரனே வீட்டை இடித்த கதைதான். அந்தக் கோபத்தை அடக்கி வைக்க ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

எலிக்குச் சரி, மனிதருக்கு?

மனிதரின் மூளை மூப்படைவதை அறிய மனிதரைத்தான் பார்க்க வேண்டும். சித்தூரிலிருந்து பலமனேர், முள்பாகல் வழியே போனால் வருவது கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம். மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அந்தத் தாலுகாவின் கிராமங்களில் 45 வயது தாண்டிய பத்தாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து வரும் பெரும் பணியை விஜயலட்சுமி தொடங்கி வைத்தார்.

நம் வீட்டுக் கவலை

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2015-16-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள், நாடு முழுவதும் சேர்த்து நூற்றுக்கு 3 பேர். ஆந்திராவில் ஏறத்தாழ 9 பேர்!

ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகச் சுரப்பது கர்ப்பப்பையில் அல்ல, சினைப்பைகளில். கர்ப்பப்பையோடு அவற்றையும் எடுத்துவிட்டால், ஐம்பது வயதை ஒட்டி மெல்ல விலக வேண்டிய காவல் ஒரே நாளில் போய்விடுகிறது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே சினைப்பையை இழந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நினைவாற்றல் குறையும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் 2007-ல் கண்டறிந்தார்கள். எத்தனைக்கு இள வயதோ, அத்தனைக்கு அபாயம் அதிகம்.

போனதை மாத்திரையால் ஈடு கட்டலாமே என்றால், அதற்கும் காலம் உண்டு. 65 வயது தாண்டிய சுமார் 4,500 அமெரிக்கப் பெண்களில் பாதிப் பேருக்கு ஹார்மோன் மாத்திரை தந்து பார்த்தார்கள். அவர்களில் 40 பேருக்கு மறதி நோய் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 21 பேருக்குத்தான் வந்தது. இது 2003-ல் வெளிவந்த முடிவு. ஆகவே கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மருந்தல்ல அது.

புற்றுநோய் போன்ற காரணம் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது. வெறும் உதிரப்போக்கு, வயிற்று வலி என்றால் அவசரம் வேண்டாம். மருந்தில் தீருமா, சினைப்பையை விட்டுவைக்க முடியுமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். திருப்பதியிலோ வேலூரிலோ இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். மனைவி தயங்கினால் கணவன் கேட்கட்டும். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை.