தோலில் தெரியும் இரத்தப் புற்றுநோய்

தோட்ட வேலை செய்யும் நமக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் புதியவை அல்ல. உரம் பட்டாலும் பூச்சி கடித்தாலும் தோல் சிவக்கும். சில நாட்களில் ஆறிவிடும். அப்படி ஆறாத ஒரு வகைக் கட்டியைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்தம் உற்பத்தியாகிறது. அங்கே கெட்டுப்போன வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே இரத்தப் புற்றுநோய். சிலருக்கு அந்த அணுக்கள் தோலிலும் குடியேறும். சிவப்பு, பழுப்பு அல்லது ஊதா நிறத்தில் கெட்டியான கட்டிகள் தோன்றும். பலருக்கு அரிப்போ வலியோ இராது. சோர்வு, காய்ச்சல், ஈறில் இரத்தக் கசிவு ஆகியவையும் சேரலாம். இது ஒட்டுவாரொட்டி நோயன்று.

களிம்பு தடவினால் குணமாகுமா? ஆகாது. லாலான் புல்லை மேலே வெட்டினால் போதுமா? மண்ணுக்குள் வேர்த்தண்டு இருக்கும்வரை மீண்டும் முளைக்கும். இந்நோயின் வேர் மஜ்ஜையில் இருக்கிறது. ஆகவே உடல் முழுவதும் பரவும் கீமோ மருந்தே முதன்மைச் சிகிச்சை. கரையாத கட்டிகளுக்கு, ஆழமாகப் பாயாத கதிர்வீச்சைத் தோலில் மட்டும் செலுத்துவார்கள். நோய் திரும்பும் அபாயம் உள்ள சிலருக்கு, பொருத்தமான உடன்பிறந்தவரிடமோ பிறரிடமோ பெற்ற குருத்தணுக்களைச் செலுத்துவதுண்டு.

இந்த மருந்துகளின் வரலாற்றில் நம்மவர் பங்கும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் அமெரிக்காவில் உருவான மருந்தைக் கொண்டுதான், பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாக நோய் தணிந்ததை 1948இல் உலகுக்கு அறிவித்தார்.

கட்டி மறைந்ததும் சிலர் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள். இது பேராபத்து. தோல் தெளிந்தாலும் மஜ்ஜையில் நோய் மிஞ்சியிருக்கலாம். மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை தொடர வேண்டும். சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் கண்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆறாத கட்டி இரண்டு மூன்று வாரம் நீடித்தால் கெலாங் பாத்தா அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். சோர்வோ காய்ச்சலோ இரத்தக் கசிவோ சேர்ந்தால் அன்றே செல்லுங்கள். இரத்தப் பரிசோதனையும், தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனையும் உண்மையைச் சொல்லிவிடும். ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா போன்ற பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போட வேண்டாம். நாள் சம்பளத்தை நாளைக்கும் சம்பாதிக்கலாம். கடந்துபோன காலத்தைச் சம்பாதிக்க முடியாது.