கடன் விவரம் எத்தனை வருஷம் நிலைக்கும்?

பாங்கிக் கடனைத் தீர்த்துப் பத்திரம் கைக்கு வந்தபின், அக்கடனைப் பற்றிய பேச்சே இராதென்று குடியானவர் பலர் எண்ணுகின்றனர். 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் நடைபெறும் கடன் விவரக் கம்பெனிகள், பாங்கிகள் அனுப்பும் விவரங்களைக் குறைந்தது 7 வருஷம் காத்துவைத்தல் வேண்டும். 'குறைந்தது' என்பதைக் கவனிக்க. அமெரிக்காவில் 1970-ஆம் வருஷத்துச் சட்டம், தவணை தவறிய விவரத்தைப் பொதுவாக 7 வருஷத்துக்குமேல் காட்டலாகாதெனத் தடுக்கிறது. அதைக் கேட்டு, இங்கும் 7 வருஷத்தில் அழிந்துவிடுமென்று கொள்வது பிசகு.

கைச்சீட்டுக் கடன் 3 வருஷத்தில் காலாவதியாகும் என்பாரும் உளர். அக்கெடு கோர்ட்டுப் பிராதுக்கேயன்றி இப்பதிவுக்கு இல்லை.

பாங்கி ஒரு பகுதியைத் தள்ளிக்கொடுத்து முடித்த கடன், 'செட்டில்டு' என்றே பதிவாகும். முழுதும் செலுத்தித் தீர்த்ததாகக் கருதப்படாது. ஜாமீன்தாரர் பெயரிலும் கடன் ஏறும். பம்பு செட்டுக்குக் கடன் கேட்ட ஒரு மிராசுதாரருக்கு, தம்பிக்காக அவர் என்றோ இட்ட ஜாமீன் கையெழுத்தே தடையாயிற்று. அவர் அதை மறந்தே போயிருந்தார்.

ஆதலின் விதைப்புக்குப் பல மாதம் முன்னரே அறிக்கையைப் பார்த்துக்கொள்க. ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இனாமாகத் தரவேண்டும். பிழை கண்டால் பாங்கிக்கோ கம்பெனிக்கோ எழுத்து மூலம் மனுச் செய்து, நகலை வைத்துக்கொள்க. 30 நாளில் தீராவிடில், 2024 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு பெற மனுதாரருக்குப் பாத்தியதை உண்டு.