இரு தேனுண்ணிப் பறவைகள்

வெப்பமண்டல அமெரிக்காவுக்கே உரிய டானேஜர் குடும்பத்தில் தேனுண்ணிகள் என்னும் சிறு பறவைகளும் அடங்கும். அவற்றுள் செங்கால் தேனுண்ணியும் ஊதாத் தேனுண்ணியும் சையனெர்ப்பஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. முன்னது தெற்கு மெக்ஸிகோ முதல் பிரேசில் வரையிலும், கியூபாவிலும் காணப்படுகிறது. பின்னது தென் அமெரிக்காவின் வடபகுதிகளில் மிகுதி. டிரினிடாட் தீவில் இரண்டும் உள்ளன. காடுகளில் மட்டுமன்றிக் கொக்கோத் தோட்டங்களிலும் இவை இரை தேடுகின்றன. ஆகவே இவற்றை வேறுபடுத்தி அறியும் முறை இன்றியமையாததாகிறது.

உருவ அளவு இதற்கு அதிகம் துணைபுரியாது. செங்கால் தேனுண்ணி ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமும் 14 கிராம் எடையும் உள்ளது. மற்றது சற்றே சிறியது. இரண்டின் அலகும் நீண்டு வளைந்தது; உணவும் பூந்தேன், பழம், பூச்சி ஆகியவையே. இரண்டும் கிண்ணம் போன்ற சிறு கூட்டில் இரண்டு முட்டைகள் இடும், அடைகாப்பது பெடையே.

நிறத்தை நோக்குவோம். செங்கால் தேனுண்ணியின் சேவல் நீல ஊதா நிறமுடையது. உச்சந்தலை வெளிர்நீலம், முதுகு கறுப்பு. பறக்கும்பொழுது சிறகின் அடிப்புறம் மஞ்சளாகத் தோன்றும். ஊதாத் தேனுண்ணிச் சேவலுக்கு முதுகும் ஊதாவே. தொண்டை கறுப்பு. பெடைகள் இரண்டும் பச்சை நிறத்தன. எனினும் ஊதாத் தேனுண்ணிப் பெடையின் தொண்டை மங்கிய செம்மஞ்சளாக இருக்கும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்புதல் தவறு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் செங்கால் தேனுண்ணிச் சேவல் தன் நீல இறகுகளை உதிர்த்துப் பெடையைப் போல் பச்சையாகிவிடும். சிறகுகள் மட்டும் கறுப்பாகவே நிற்கும். இந்நிலையிலும் மாறாத அடையாளம் கால்களாகும். இதன் கால்கள் சிவப்பு. ஊதாத் தேனுண்ணிச் சேவலின் கால்கள் மஞ்சள்.

தோற்ற ஒற்றுமை உறவுக்கும் சான்றாகாது. 1766-இல் லின்னேயஸ் செங்கால் தேனுண்ணியையும், நம் நாட்டு ஊதாப்பிட்டுத் தேன்சிட்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். இன்று இவை வெவ்வேறு குடும்பங்களாகக் கொள்ளப்படுகின்றன. பூந்தேனை உண்ணும் ஒத்த வாழ்க்கையே தொலைதூரக் கண்டங்களில் ஒத்த அலகை உருவாக்கியது. பறவைகளைக் குறிப்போர் நிறத்துடன் கால், அலகு, பருவம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். மாணவர்க்கும் இம்முறையையே பயிற்றுவித்தல் நன்று.