கையை விட்டால் கோட்டை விடுவாய்!

"டேய், நீ விட்டதாலதான் அவன் தப்பிச்சான்!"

"போடா! கையை உதறினது நீதான்!"

கபடித் திடல்களில் மாலையானால் கேட்கும் சண்டை இது. மறுநாள் இருவரும் 'உம்'.

ஆனால் களத்தில் பக்கத்தில் நிற்பவனின் கையைக் கோர்த்துத்தானே பிடிக்க வேண்டும்? பிடி நழுவினால் பாடி வந்தவன் 'சிட்டாய்' பறந்துவிடுவான்!

இன்னொரு சங்கதி. 'அவுட்' ஆனவன் தானாக உள்ளே வர முடியாது. எதிரணியில் ஒருவரைக் கூட்டாளி வெளியேற்றினால்தான் இவனுக்கு மறுபடி உயிர். அந்தக் கூட்டாளி, நேற்று சண்டை போட்டவனாகவும் இருக்கலாம்!

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி, சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. பல ஊர்ப் பிள்ளைகள். கோர்த்த கை ஒன்று!

தம்பிகளே, 'கா' விட்டது போதும். கோட்டுக்குள் கால் வைக்குமுன் 'பழம்' விட்டுடுங்க!