ஒரு காலும் ஒரு செயற்கைக் காலும்... 5,373 கிலோமீட்டர்! - டெர்ரி ஃபாக்ஸ் ஓடிய கதை

1980, ஏப்ரல் 12. கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் நகரம். சுருட்டை முடியும் அரை டிரவுசருமாக, 21 வயது இளைஞர் ஒருவர் அட்லாண்டிக் கடலோரத்தில் நின்றார். தன் வலது காலைக் கடல்நீரில் நனைத்தார். அது செயற்கைக் கால். இரண்டு பாட்டில்களில் கடல்நீரைப் பிடித்துக்கொண்டார். ஒன்று ஞாபகத்துக்கு. இன்னொன்று, நாட்டின் மறுகோடியில் இருக்கும் பசிபிக் கடலில் ஊற்றுவதற்கு.

நடுவில் இருந்த தூரம் சுமார் 8,000 கிலோமீட்டர். அதை ஓடியே கடக்கப் புறப்பட்டார் டெர்ரி ஃபாக்ஸ். பெரிய கூட்டமோ மேளதாளமோ இல்லை. நண்பர் டக் ஆல்வர்டும், ஒரு வேனும்தான் துணை.

குள்ளமான பையனின் பிடிவாதம்

டெர்ரி பிறந்தது 1958-ல், வின்னிபெக் நகரத்தில். அப்பா ரோலண்ட் ரயில்வே ஊழியர். வீட்டில் நான்கு பிள்ளைகள். பிறகு குடும்பம் மேற்குக் கரையோரம் இருக்கும் போர்ட் கோகிட்லம் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

டெர்ரிக்கு பாஸ்கெட் பால் என்றால் உயிர். ஆனால், உயரம் போதாது. விளையாட்டு ஆசிரியர், `நீ நீண்டதூர ஓட்டத்துக்குப் போ' என்று யோசனை சொன்னார். ஆசிரியரின் மனம் கோணக் கூடாது என்று ஓட்டத்திலும் சேர்ந்தவர், பாஸ்கெட் பாலை மட்டும் விடவில்லை. எட்டாம் வகுப்பில் அணியின் கடைசி ஆட்டக்காரர். அந்த சீசன் முழுக்க அவருக்குக் களத்தில் கிடைத்தது ஒரே ஒரு நிமிடம்! பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதோ, பள்ளியின் சிறந்த விளையாட்டு வீரர் விருதை நண்பர் டக்குடன் பகிர்ந்துகொண்டார். பிறகு சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கேயும் அணியில் இடம்பிடித்தார்.

18 வயதில் வந்த இடி

1976 நவம்பரில் ஒரு கார் விபத்து. வலது முழங்காலில் மட்டும் அடி. வலி போகவில்லை. `சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று பொறுத்துக்கொண்டே விளையாடினார். 1977 மார்ச்சில் வலி தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனபோதுதான் தெரிந்தது, அது ஆஸ்டியோசர்கோமா என்கிற எலும்புப் புற்றுநோய். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தாக வேண்டும் என்றார்கள் டாக்டர்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் இரவு, அவருடைய பழைய பாஸ்கெட் பால் பயிற்சியாளர் ஒரு பத்திரிகையுடன் வந்தார். நியூயார்க் மராத்தானைச் செயற்கைக் காலுடன் ஓடி முடித்த டிக் ட்ராம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. கனடாவை ஓடிக் கடக்கும் கனவு முளைத்தது அந்த இரவில்தான்.

ஆனால், அவரை உண்மையிலேயே ஓட வைத்தது வேறொன்று. அடுத்த 16 மாதங்கள் கீமோதெரபி. முடி கொட்டியது. பக்கத்துப் படுக்கைகளில் குழந்தைகளும் இளைஞர்களும் துடிப்பதைப் பார்த்தார்; சில படுக்கைகள் காலியாவதையும் பார்த்தார். டாக்டர்கள் அவரிடம் ஒரு கணக்கும் சொல்லியிருந்தார்கள். அவர் பிழைக்க 50 சதவிகிதம் வாய்ப்பு. இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால், 15 சதவிகிதம்தான்.

அந்த வித்தியாசத்துக்குக் காரணம், எங்கோ யாரோ செய்த மருத்துவ ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைத் திரட்டத்தான் ஓட்டம்.

முதலில் ஒரு சுற்று, பிறகு ஒரு நாடு

சக்கர நாற்காலி பாஸ்கெட் பால் அணியில் சேர்ந்து தேசிய சாம்பியன் ஆனார் டெர்ரி. அதற்கு நடுவே ஓட்டப் பயிற்சி. அன்றைய செயற்கைக் கால் நடப்பதற்காகச் செய்யப்பட்டது, ஓடுவதற்காக அல்ல. அதனால் நல்ல காலால் இரண்டு முறை துள்ளி, செயற்கைக் காலால் ஒரு எட்டு வைத்து ஓடும் விசித்திரமான நடை அவருக்கு அமைந்தது. செயற்கைக் கால் உரசி உரசி, மிச்சமிருந்த காலில் கொப்புளம் வெடித்து ரத்தம் கசியும். 1979-ல் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடந்த ஒரு நீண்ட தூர ஓட்டத்தில் கடைசி ஆளாக வந்தார். ஆனாலும் முடித்துவிட்டு வந்தார்.

திட்டத்தை வீட்டில் சொன்னதும் அம்மா பெட்டி, `உனக்கென்ன பைத்தியமா?' என்று கோபித்துக்கொண்டார். அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: `எப்போது?'

கனடா புற்றுநோய்ச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு கம்பெனி வேன் கொடுத்தது, இன்னொன்று பெட்ரோலுக்குப் பொறுப்பேற்றது, ஷூவும் வந்தது. ஆனால், `எங்கள் பொருளுக்கு விளம்பரம் செய்' என்று வந்த உதவிகளை வேண்டாம் என்றுவிட்டார். இந்த ஓட்டத்தால் தனக்கு ஒரு காசுகூட வரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

பத்தாயிரம் பேர், பத்தாயிரம் டாலர்

ஆரம்ப நாள்களில் சூறைக்காற்று, மழை, பனிப்புயல். சாலையில் வேடிக்கை பார்க்கவும் ஆளில்லை. விடியும் முன்பே எழுந்து, தினமும் ஏறக்குறைய ஒரு முழு மராத்தான் தூரம். வேனுக்குள் டெர்ரிக்கும் டக்குக்கும் சண்டை முற்றி, பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அம்மாவும் அப்பாவும் வந்து சமாதானம் செய்யவேண்டியிருந்தது. பிறகு தம்பி டேரலும் வேனில் சேர்ந்துகொண்டார்.

நம்பிக்கை தந்தது போர்ட் ஆ பாஸ்க் என்ற சின்ன ஊர். சுமார் 10,000 பேர் வசித்த அந்த ஊர் 10,000 டாலர் திரட்டிக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! நாட்டில் அப்போது சுமார் 2 கோடியே 40 லட்சம் மக்கள். `ஒவ்வொரு கனடியரும் ஒரு டாலர் தந்தால் போதும்' என்பது டெர்ரியின் குறிக்கோள் ஆனது.

ஒன்டாரியோ மாகாணத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. தலைநகர் ஒட்டாவாவில் வரவேற்பு. டொரன்டோவில் நகர மன்றச் சதுக்கத்தில் 10,000 பேர். புற்றுநோயால் காலை இழந்த 10 வயதுச் சிறுவன் ஒருவன் சைக்கிள் மிதித்தபடி அவருடன் வந்தான். பயணத்திலேயே தன்னை அதிகம் நெகிழவைத்த நாள் அதுதான் என்றார் டெர்ரி.

செப்டம்பர் 1

தண்டர் பே நகரத்தை நெருங்கியபோது இருமல் விடவில்லை. நெஞ்சில் வலி. சாலையோரம் மக்கள் நின்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண் முன்னால் நிற்க மனமில்லை. கூட்டம் கண்ணிலிருந்து மறையும் வரை ஓடினார். பிறகு வேனில் ஏறி, மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்.

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள்கள், 5,373 கிலோமீட்டர். ஓட்டம் நின்றது.

மீதித் தூரத்தைத் தாங்கள் ஓடுவதாகப் பலர் முன்வந்தார்கள். டெர்ரி மறுத்தார். குணமாகித் திரும்பிவந்து தானே முடிக்க ஆசைப்பட்டார். அந்த வாரமே ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நடத்திய சிறப்பு நிகழ்ச்சியில் ஒரு கோடி டாலருக்கு மேல் குவிந்தது. 1981 பிப்ரவரியில் மொத்த நிதி 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆளுக்கு ஒரு டாலர்! கேட்டதை நாடு கொடுத்துவிட்டது. டெர்ரியும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

1981 ஜூன் 28 அன்று, 23-வது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது, டெர்ரி காலமானார். நாடெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன.

ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை

மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தொழிலதிபர் இசடோர் ஷார்ப், டெர்ரி பெயரில் ஆண்டுதோறும் ஓட்டம் நடத்துவதாக அவர் உயிரோடு இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தார். டெர்ரி வைத்த நிபந்தனை: அது போட்டியாக இருக்கக் கூடாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். முதல், இரண்டாம் பரிசு கிடையாது.

1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்திலேயே 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவிய அந்த ஓட்டம், சென்னை ஐ.ஐ.டி வளாகத்திலும் நடந்திருக்கிறது. முதலில் தடுத்த அம்மா பெட்டிதான், தன் கடைசிக்காலம் வரை ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய் மகனின் கதையைச் சொன்னார். இதுவரை திரண்டிருக்கும் நிதி 80 கோடி டாலருக்கும் அதிகம். டெர்ரிக்கு வந்த அதே எலும்புப் புற்றுநோய்க்கு, இன்று பெரும்பாலான நோயாளிகளுக்குக் காலை எடுக்காமலேயே சிகிச்சை செய்ய முடிகிறது.

2024 டிசம்பரில் கனடா அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அடுத்து வரும் ஐந்து டாலர் நோட்டில் டெர்ரியின் படம் இடம்பெறும். தனக்கென ஒரு டாலரும் வேண்டாம் என்றவரின் முகம், இனி ஒவ்வொரு கனடியரின் சட்டைப் பையிலும் இருக்கப்போகிறது.