மாமாவுக்குத் தொலைந்தது பேச்சு, புத்தி அல்ல!

“சாவி... சாவி...” என்று என் மாமனார் கையை நீட்டினார். சாவிக் கொத்தை எடுத்துக் கொடுத்தேன். கோபமாகத் தள்ளிவிட்டார். அவர் காட்டியது தண்ணீர்ச் செம்பை!

பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்துபோன பத்தாம் நாள் அது. “பெரியவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்றார்கள் அக்கம்பக்கத்தார். நானும் அப்படியே நம்பி, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசினேன். இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி ஒருவர் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. “புத்தி போகலைம்மா. மூளையின் இடது பக்கத்தில் பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கு. இதுக்கு அஃபேசியான்னு பேர்” என்றார். சொல் மனத்தில் இருக்கும்; நாக்குக்கு வராது. அல்லது வேறு சொல் வந்து நிற்கும்.

இதைச் சட்டென்று கண்டறிய ஒரு சிறு பரீட்சை உண்டாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் ஃப்ரென்சே மருத்துவமனையில் உருவாகி, 1987-ல் வெளிவந்தது. படத்தைக் காட்டித் தொடச் சொல்வார்கள், விவரிக்கச் சொல்வார்கள், படிக்கவும் எழுதவும் சொல்வார்கள். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

“அதை அப்படியே தமிழில் எழுதிக்கிட்டா போதாதா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “ஒரே குறிப்புன்னாலும், அரிசிக்குத் தக்கபடிதானே தண்ணி வைக்கிறோம்? பள்ளிக்கூடமே போகாத பாட்டி எழுதாமல் நின்றால், அதை நோய்னு சொல்லலாமா?”

அதனால் தமிழாக்கியதை முதலில் நல்ல ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். படித்தவர், படிக்காதவர், இளையவர், முதியவர் எல்லோரும் வேண்டும். அவர்களே தடுமாறினால் குறை கேள்வியில்! பிறகு பக்கவாதம் வந்தவர்களிடம் வைத்து, விரிவான பரிசோதனை சொல்லும் முடிவோடு ஒத்துப்போகிறதா, இருவர் தனித்தனியே மதிப்பிட்டாலும் அதே மார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே “இந்த மார்க்குக்குக் கீழே போனால் சந்தேகம்” என்று கோடு கிழிக்கலாம்.

எங்கள் காரைக்காலில் இன்னொரு சிக்கல். 1954 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. மாமா சிறுவயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஒரு நாள் காபியை நீட்டியதும், “மெர்சி” என்று நன்றி சொன்னாரே பார்க்கலாம்! “இரண்டு மொழி தெரிஞ்சவரை இரண்டிலும் சோதிக்கணும்” என்றார் அந்தப் பெண்மணி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிஷேல் பாரதி இதற்கென்றே ஒரு பரிசோதனை அமைத்தார். வார்த்தைக்கு வார்த்தை பெயர்க்காமல், அந்தந்த மொழிக்கு ஏற்ப மாற்றி அமைத்தது அது. தமிழிலும் உண்டு.

சகோதரிகளே, வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பேச்சு போனவரிடம் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். குழந்தையாக மட்டும் நடத்தாதீர்கள்.

மாமா இன்றும் சில சமயம் “சாவி” என்கிறார். நான் செம்பைக் கொண்டுபோய் வைக்கிறேன்.