திரையில் தெரியாத நாற்பது வரிகள்

கல்முனை வாசகர் ஒருவரின் கேள்வி: பழைய கணினியில் லினக்ஸ் பதித்தபின், 1920×1080 மொனிட்டர் 1024×768 இற்கு மேல் போக மறுக்கிறது. மொனிட்டர் பழுதா?

முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. மொனிட்டர் தன் அளவுகளை ‘ஈடிஐடி’ என்ற 128 பைட் குறிப்பில் வைத்திருக்கிறது. விஜிஏ கேபிளின் 12ஆம், 15ஆம் ஊசிகள் வழியே கணினி அதை வாசிக்கும். மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்த ஊசிகளுக்கு இணைப்பே இருக்காது. குறிப்புக் கிடைக்காத கணினி, எந்த மொனிட்டரும் தாங்கும் சிறிய அளவோடு நின்றுவிடும்.

அளவை நாமே சொல்லிக்கொடுக்கலாம். ‘சிவிடி 1920 1080 60’ என்ற கட்டளை தரும் விடைதான் சுவையானது. அகலம் 1920 கேட்டால் கணக்கில் 2576 வருகிறது. உயரம் 1080 கேட்டால் 1120. மிகுதி எங்கே?

மருதமுனைக் கைத்தறியைப் பாருங்கள். ஓடம் மறுகரை சேர்ந்தவுடன் அடுத்த இழை விழாது. மிதி மாற வேண்டும், பாவு பிரிய வேண்டும், அச்சு வந்து இழையை இறுக்க வேண்டும். அந்த நேரத்தில் சாரன் வளர்வதில்லை, ஆனாலும் அது இல்லாமல் நெசவு இல்லை. திரையிலும் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் 656 புள்ளிகளுக்கான நேரம் படமின்றிக் கழிகிறது. அதனிடையே போகும் ஒத்திசைவுத் துடிப்புதான் மிதி. ஒரு முழுப் படம்தான் ஒரு சாரன். அது முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 வரி நேரம். செக்கனுக்கு ஏறத்தாழ அறுபது சாரன்! வெறுமையையும் சேர்த்தால் செக்கனுக்கு 17.3 கோடி புள்ளிகள், அதாவது 173 மெகாஹேர்ட்ஸ்.

இந்த வெறுமை குழாய்த் திரைக் காலத்து மிச்சம். இலத்திரன் கற்றை திரும்பிவர அவகாசம் தேவைப்பட்டது. 1982இல் தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சியின் ‘பால்’ ஒளிபரப்பு முறையிலும் 625 வரிகளில் 576 மட்டுமே படம்.

தட்டைத் திரையில் கற்றையே இல்லை. எனவே கட்டளையில் ‘-ஆர்’ சேர்த்தால் கணக்கு 2080×1111 ஆகவும், வேகம் 138.5 மெகாஹேர்ட்ஸாகவும் குறைகிறது. ஒற்றை இணைப்பு டிவிஐ கேபிளின் உச்சம் 165 மெகாஹேர்ட்ஸ் என்பதால், 173இல் போகாத படம் இதில் போய்விடும்.

கிடைத்த எண்களை ‘எக்ஸ்ரேண்டர்’ கட்டளைக்கு ‘நியூமோட்’ மூலம் கொடுத்து, ‘அட்மோட்’ மூலம் மொனிட்டரோடு சேர்த்துத் தெரிவுசெய்தால் போதும். ஆனால் கணினியை மறுபடி தொடங்கினால் இந்த அமைப்பு அழிந்துவிடும். தொடக்கக் கட்டளைகளில் எழுதிவைக்க வேண்டும். ‘வேலண்ட்’ என்ற புதிய காட்சி முறையில் ஓடும் லினக்ஸ் மேசைத்தளங்களில் இந்த வழி எடுபடாது.

திரையின் சொந்த அளவைத் தாண்டியும் இதனால் கூர்மை கூடிவிடும் என்று நம்ப வேண்டாம். 1366×768 திரைக்கு 1920×1080 அனுப்பினால் படம் நசுங்கும், அல்லது திரை இருண்டுவிடும். மலிவான புரொஜெக்டர் பெட்டிகளில் அச்சிடும் ‘4கே ஆதரவு’ம் பெரும்பாலும் அந்தச் சமிக்ஞையை ஏற்கும் என்பதற்குமேல் எதையும் சொல்வதில்லை. வாசகர் முதலில் நல்ல கேபிள் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்க்கட்டும். அதற்கும் மசியாவிட்டால் கட்டளைகள்.